முவைலா மண்ணில் இறங்கிய ஜெர்மன் விமானம்

கம்பெனி பஸ் ஷார்ஜாவின் முவைலா சிக்னலில் நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. டூட்டி முடிந்து கேம்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். டிரைவர் அண்ணனுக்கு நேர் பின் சீட்டில் நான். கையில் போன், போனில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜெர்மன் சண்டை விமானம் ஒன்று வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் சக்கரம் இல்லாமல் வயிற்றால் இறங்கிக் கிடக்கிறது. இறக்கையின் மேல் விமானி உட்கார்ந்திருக்கிறான். ஒரு காலில் பூட்ஸ் இருக்கிறது. இன்னொன்றைக் கழற்றி மணலைக் கொட்டுகிறான். படத்தில் அந்த மணல் சாம்பல் நிறம். தலையைத் தூக்கினேன். ஜன்னலுக்கு வெளியே, இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் இன்னும் எதுவும் எழும்பாத மனையில், காற்று வரி வரியாக இழுத்துவிட்ட மணல். அதே வரிகள், ஆனால் நிறத்தோடு.

இந்தப் படங்களுக்குக் கலர் போடுகிறவர்கள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள். எல்லாருமே பாலைவனத்தை பிஸ்கட் நிறத்தில்தான் போடுவார்கள். எனக்கு அது எப்போதும் உறுத்தும். இங்கே மணலில் ஒரு சிவப்பு உண்டு. காலையில் அது தெரியாது, சாயங்காலம் மேலே வரும். தினமும் போக வர இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவன் நான். நான் ஏன் போடக் கூடாது?

நான் சிவில் படித்தவன். ஷார்ஜாவில் ஒரு காண்ட்ராக்டிங் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. நாள் முழுக்க அடுத்தவர்கள் கட்டப்போகும் குளியலறைகளுக்குக் கோடு போடுவது. அந்த வேலையில் கை ஓடும், மூளை ஓடாது. மூளைக்கு இந்த விமானங்கள். கல்லூரி ஹாஸ்டலில் தொற்றிக்கொண்டது. ஜெர்மன்காரர்கள் போருக்குக் கேமராவோடு போயிருக்கிறார்கள். மெக்கானிக், சமையல்காரன், பைலட் என்று பலர் கையிலும் ஒரு சின்னக் கேமரா. எடுத்த படங்களை ஆல்பத்தில் ஒட்டி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இன்றைக்குப் பேரப்பிள்ளைகள் வீட்டைக் காலி செய்யும்போது அந்த ஆல்பங்கள் ஏலத்துக்கு வருகின்றன. வாங்க எனக்கு வழியில்லை. விற்பனைக்குப் போட்டிருக்கும் நாட்களுக்குள் படங்களை இறக்கி வைத்துக்கொள்வேன். பெரிய ஃபோல்டர்.

சண்டைப் படங்கள் அதில் குறைவு. மிச்சமெல்லாம் காத்திருக்கும் படங்கள். இறக்கை நிழலில் சீட்டாட்டம். சாய்வு நாற்காலியில் மிதவைச் சட்டையோடு தூங்கும் பைலட், அவன் காலடியில் ஒரு நாய். பாதி டிரம்மில் சட்டை துவைக்கிறவன். இதில் பல படங்களுக்குக் கீழே விற்கிறவர்கள் பைலட்டின் பெயரைக் கண்டுபிடித்துப் போட்டிருப்பார்கள். பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவைக் குறி, அதற்கப்புறம் அவன் செத்த தேதி. படித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவேன். முதலில் ஏதோ செய்தது. பிறகு பழகிவிட்டது.

எங்கள் ரூமில் மூன்று பேர். நான், டிரைவர் அண்ணன், ஒரு எலக்ட்ரீஷியன். அண்ணன் சிவகங்கைப் பக்கம். எலக்ட்ரீஷியன் தஞ்சாவூர்க்காரர், வாயைத் திறந்தால் மூடமாட்டார். என் போனை எட்டிப் பார்ப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

"என்னய்யா எஞ்சினியரு, பிளேன்ல சிலுவை போட்டிருக்கு? வேளாங்கண்ணிக்கு விட்டதா?"

"ஜெர்மன் விமானப்படை அடையாளம்ணே."

"ஆ, அந்த மீசைக்காரன் ஆளுங்களா? ஊரையே கொன்னவன் கூட்டத்த இப்படித் தொடச்சித் தொடச்சி வக்கிறியே, வேற ஆளே கெடைக்கலயா உனக்கு?"

"நான் விமானத்துக்காக வெச்சிருக்கேன்."

"விமானம் தானாப் பறந்துச்சா?"

படத்தைப் பெரிதாக்கி, எஞ்சின் பக்கவாட்டில் மணல் புகாமல் இருக்க மாட்டியிருந்த வடிகட்டியைக் காட்டினேன். அவர் அடுத்த படத்துக்குத் தள்ளினார். ப்ரொப்பெல்லரில் பெரிய இலை வளையம் மாட்டி, பக்கத்தில் ஒரு பைலட் சிரித்துக்கொண்டு நிற்கும் படம்.

"மாலை போட்டிருக்கே. ஆளு போயிட்டானா?"

"இல்லண்ணே. நிறைய தடவை போயிட்டுத் திரும்பினதுக்கு மரியாதை."

கட்டிலில் படுத்திருந்த அண்ணன் இதற்கு எழுந்து உட்கார்ந்துவிட்டார். "திரும்பி வந்ததுக்கு மாலையா? நம்ம திரும்பிப் போனா ஏர்போட்டு வாசல்ல டாக்சிக்காரய்ங்கதேன் வந்து பையப் புடுங்குறாய்ங்க."

லீவு நாளில் அண்ணனைக் கூட்டிக்கொண்டு கேம்புக்குப் பின்னாலிருக்கும் காலி மனைக்குப் போனேன். மணலில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தேன். தாள் வெள்ளையாகத் தெரிந்தால்தான் மணலின் நிறம் சரியாக வரும்.

"மண்ணப் போயி போட்டோ எடுக்குற. ஊருல சொன்னா சிரிப்பாய்ங்கடா தம்பி."

"தாளை நேராப் பிடிங்கண்ணே."

"நேராத்தேன் பிடிச்சிருக்கேன். காத்தடிக்குதுல்ல, அதையும் புடிச்சுக்கச் சொல்றியா?"

வெயில் சாயச் சாய எடுத்துக்கொண்டே இருந்தோம். அண்ணன் அலுத்துக்கொள்ளவில்லை. நடுவில் தன் போனை எடுத்து அவர் வீட்டைக் காட்டினார். அதை அவர் பலமுறை காட்டியிருக்கிறார். சுவர் ஜன்னல்களுக்கு மேலே லிண்டல் மட்டத்தில் நிற்கிறது, மேலே வானம். மனைவியும் பிள்ளைகளும் பக்கத்தில் மைத்துனர் வீட்டில் இருக்கிறார்கள். அந்த மாதம் அவருடைய விசா முடிகிறது. புதுப்பிக்கிற பேப்பர் ஆபீசில் இருந்தது. "இன்னும் ஒரு காண்ட்ராக்ட்டு. மேல காங்கிரீட்டப் போட்டுட்டம்னா அதுக்கப்புறம் எவன் பஸ்ஸ எவன் ஓட்டுனா என்ன?" என்றார். நான் அந்த வீட்டுப் படத்தையும் ஒரு டிராஃப்ட்ஸ்மேனாகத்தான் பார்த்தேன். ஜன்னல் திறப்புகள் கொஞ்சம் உயரத்தில் இருந்தன. சொல்லவில்லை.

விமானத்துக்குக் கலர் போடுவது சுலபம். மேலே மணல் மஞ்சள், அடியில் வெளிர் நீலம், உடம்பின் பின்பாதியில் ஒரு வெள்ளைப் பட்டை. மணலுக்குத்தான் நாட்கள் பிடித்தன. சாயங்கால முவைலாவை எடுத்து அந்த ஆப்பிரிக்கச் சாம்பலின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். வரிகளின் நிழல்பக்கம் ஊதாவாக விழுந்தபோது படம் சட்டென்று அமைதியானது. பழைய படம் என்கிற உணர்வே போய்விட்டது. யாரோ நேற்று போனில் எடுத்தது போல இருந்தது. எனக்கு வேண்டியது அதுதான்.

வாலை வெட்டிவிட்டேன். அந்த விமானங்களின் வாலில் நாஜிகளின் ஸ்வஸ்திக் குறி இருக்கும். அது தெரிந்தால், விமானப் படம் சேர்க்கிற நாங்கள் பகிர்ந்துகொள்ளும் பக்கங்கள் தானாகவே தூக்கிவிடும். அதனால் எல்லாப் படத்திலும் வால் வெட்டுவது என் வழக்கம். பிறகு எங்கள் ரூம் குரூப்பில் போட்டேன். கீழே எழுதினேன்: "வட ஆப்பிரிக்கா, இரண்டாம் உலகப்போர். கலர் மட்டும் நான் போட்டது."

அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரிலிருக்கும் மைத்துனருக்குப் படத்தை மட்டும் அனுப்பிவிட்டு, டைப் அடிக்க வராதவர் என்பதால், குரலில் ஒன்று சொல்லி அனுப்பினார். "மாப்ள, மண்ணப் பாத்தியா? நம்ம முவைலா மண்ணு. கேம்புக்குப் பின்னாடி. நாந்தேன் கூட நின்னேன்." நானும் எலக்ட்ரீஷியனும் எதிரில்தான் உட்கார்ந்திருந்தோம். எலக்ட்ரீஷியன், "உங்களுக்கும் ஒரு மாலை போட்டுருவோம்" என்றார். சிரித்தோம்.

அந்த வாரம் அக்கம்பக்கத்து நாடுகளில் சண்டை. வானத்தில் இடிபோல ஒரு சத்தம் கேட்டது என்றார்கள் சிலர், கேட்கவில்லை என்றார்கள் சிலர். வேலை வழக்கம்போல நடந்தது. கஃபெட்டேரியாவில் டீ கிடைத்தது. ஊரில்தான் யாரும் தூங்கவில்லை. டூட்டியிலிருந்தபோது அம்மா கூப்பிட்டார்.

"எங்கடா இருக்க? உங்க பக்கத்துல ஏதோ பிளேன் விழுந்திருக்காமே!"

"எங்கேயும் விழலம்மா."

"படமே வந்திருக்கு. மணல்ல கிடக்கு. அந்தப் பையன் பாவம், ஷூவக் கழட்டிட்டு உக்காந்திருக்கான்."

அனுப்பச் சொன்னேன். வந்தது. என் படம். மேலே யாரோ தமிழில் எழுதியிருந்தார்கள்: ஷார்ஜா அருகே போர் விமானம் விழுந்தது, விமானி உயிருடன், அதிகம் பகிரவும். கூடவே அண்ணனின் குரல். நம்ம முவைலா மண்ணு, நாந்தேன் கூட நின்னேன். பயந்திருக்க வேண்டும். நான் படத்தைப் பெரிதாக்கி விமானியின் சட்டைக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு விளிம்பில் கலர் வழிந்திருந்தது. அனுப்புவதற்கு முன் சரிசெய்திருக்கலாம் என்று தோன்றியது. வேறெதுவும் தோன்றவில்லை.

"அம்மா, அது நான் போட்ட படம்."

"நீ எதுக்குடா அதப் போட்ட?"

ரூமுக்குத் திரும்பியபோது எலக்ட்ரீஷியன் நின்றுகொண்டிருந்தார். அவர் போனில் முகம் தெரியாத ஒருவரின் எச்சரிக்கை ஓடிக்கொண்டிருந்தது. சகோதரர்களே, போனில் விமானம், ராணுவம் சம்பந்தமான படம் எதையும் வைத்திருக்காதீர்கள், பழைய படமானாலும் அழித்துவிடுங்கள், பரிசோதிக்கிறார்கள். உண்மையா என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் எல்லாரும் கேட்டார்கள்.

"எல்லாத்தையும் இப்பவே அழிங்கய்யா. ஒருத்தன் மாட்டுனா ரூமே மாட்டும்" என்றார் எலக்ட்ரீஷியன். இந்த முறை அவர் வேடிக்கை பேசவில்லை. "எஞ்சினியரு, நீதான் மொதல்ல. அந்த நாய்ப் படம், மாலைப் படம், எல்லாம்."

அழித்தேன். போனில், லேப்டாப்பில், ஆன்லைனில் சேமித்ததில், குப்பைத் தொட்டியில். ஹாஸ்டல் காலத்திலிருந்து சேர்த்தது. லிஃப்ட் பட்டனை அழுத்துவது போல இருந்தது. அண்ணனுக்குத் தேர்ந்தெடுத்து அழிக்கத் தெரியாது. மொத்தமாக அழித்துவிட்டார். வீடு, பிள்ளைகள், எல்லாம் போயிற்று. "ஊருலருந்து மறுபடி அனுப்பச் சொல்லிக்கலாம்" என்றார்.

மறுநாள் ஆபீசிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டார்கள். குரல் எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்து, யாரோ அடையாளம் சொல்லியிருக்கிறார்கள். நானும் கூடப் போனேன். எச்ஆர் அதிகாரி மலையாளி. நல்ல மனிதர்தான். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, தன் போனில் அந்தக் குரலை ஓடவிட்டார்.

"இது உன் வாய்ஸ்தானே?"

"ஆமா சார்" என்றார் அண்ணன்.

நான் குறுக்கே புகுந்தேன். "சார், அது ரொம்பப் பழைய படம். ரெண்டாம் உலகப்போர்ல எடுத்தது."

"கலர்ல இருக்கே."

"கலர் நான் போட்டது சார்."

"இந்த மண்ணு?"

ஒரு நொடி யோசித்தேன். பொய் சொல்ல வரவில்லை. "மண்ணோட கலர் மட்டும் இங்க எடுத்தது சார்."

"அப்ப இங்கதான்னு நீயே சொல்ற."

"சார், ப்ரொப்பெல்லரப் பாருங்க. தரையில மோதி வளைஞ்சிருக்கு. இப்ப எந்த நாடு சார் இந்த மாதிரி விமானத்துல சண்டை போடுது?"

"ட்ரோனுக்கும் ஃபேன் இருக்கு தம்பி."

"ட்ரோன்ல ஆள் எப்படி சார் உக்காருவான்?"

"மேல ஏறி உக்காந்து போட்டோ எடுப்பான். நம்ம ஆளுங்க எது விழுந்தாலும் மேல ஏறி உக்காந்து போட்டோ எடுப்பாங்களா இல்லயா, நீ சொல்லு."

அண்ணன் சிரித்துவிட்டார். அதிகாரியும் சிரித்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"நான் நம்பறேன். பழைய படத்தக் காட்டு. கறுப்பு வெள்ளை. போதும்."

"அழிச்சிட்டேன் சார்."

"ஏன்?"

"பயந்து."

அவர் முன்னாலேயே தேடினேன். அவர் போனிலிருந்த என் கலர்ப் படத்தைக் கொடுத்துத் தேடினால், வால் இல்லாத அந்த விமானத்துக்குப் பதிலாக மணலில் புதைந்த கார்கள் வந்தன, டெசர்ட் சஃபாரி விளம்பரங்கள் வந்தன. ஏலப் பக்கத்துக்குப் போனேன். ஆல்பம் விற்றுப்போயிருந்தது, படங்களை எடுத்துவிட்டார்கள். வெள்ளைப் பட்டையைப் பற்றிச் சொன்னேன், மணல் வடிகட்டியைப் பற்றிச் சொன்னேன், வேகமாக, எல்லாவற்றையும். அவர் கை உயர்த்தினார்.

"இத யாருக்கிட்டயும் நான் கொண்டு போகல. ஆனா இந்த நேரத்துல இவன் ரினியூவல் பேப்பர மேனேஜர் முன்னாடி வைக்க முடியாது. அவரும் அந்த வாய்ஸ் கேட்டாச்சு. விசா முடியுது, கேன்சல் பண்ணி ஊருக்குப் போகட்டும். வேற டிரைவர் போடற வரைக்கும் ஃபைல் என் மேசையில இருக்கும். பழைய படம், பின்னாடி ஏதாவது எழுத்து இருந்தா அதுவும், எனக்குக் கொண்டு வா. அப்ப பேசலாம். இப்ப கலாஸ், முடிஞ்சுது."

அண்ணன் எழுந்து, "சரிங்க சார்" என்றார். விசா கேன்சலுக்குக் கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை. என் பேனாவைக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலமும் அவர்தான் பஸ் ஓட்டினார். நான் வழக்கமான சீட்டில் இருந்தேன். சிக்னலில் நின்றபோது அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ரூமில் மனைவியிடம் பேசியது காதில் விழுந்தது. "இல்ல, சண்ட கிண்ட ஒண்ணுமில்ல. நான் வாரேன். லீவு இல்ல, வாரேன். கொத்தனாருகிட்ட இப்போதைக்கு வேணாம்னு சொல்லிரு." அந்தப் பக்கம் நீண்ட நேரம் பேச்சு. அவர் "ம்" கொட்டிக்கொண்டே இருந்தார்.

அட்டைப்பெட்டி கட்டினோம். எலக்ட்ரீஷியன் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார், ஊர் பெயரை நான் மார்க்கரில் எழுதினேன். வழக்கமாக அந்தப் பெட்டியில் டாங் ஜூஸ் பவுடர், தைலம், சோப்பு என்று பிதுங்கும். இது தூக்க லேசாக இருந்தது. ஏர்போர்ட் வாசலில் பெட்டியை டிராலியில் ஏற்றி வைத்தேன். மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அண்ணன்தான் பேசினார்.

"அடுத்த தடவ கலர் அடிக்கிறப்ப ஓரத்துல ஒரு பசுமாட்டப் போட்டு விடு. எவனும் துபாய்னு நம்ப மாட்டான்."

எலக்ட்ரீஷியன் சிரித்தார். அண்ணன் டிராலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார், திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஆளைக் குலுக்காமல் வளைவில் திருப்புகிறவர், டிராலியைக் கதவில் இடித்துவிட்டார்.

அதற்கப்புறம் ஒரு வாரம் நான் விமானம் எதையும் பார்க்கவில்லை. வேண்டாம் என்று முடிவெடுத்ததாகவும் சொல்ல முடியாது. குளியலறைகளுக்குக் கோடு போட்டேன். சாப்பிட்டேன். பஸ்ஸைத் தற்காலிகமாக வேறு சைட்டு டிரைவர் ஒருவர் ஓட்டுகிறார். உருதுக்காரர், பாட்டு வைத்துக்கொண்டு ஓட்டுவார். அண்ணனின் கட்டிலில் எலக்ட்ரீஷியன் துவைத்த துணிகளைப் போட்டு வைக்கிறார். ஊரிலிருந்து அண்ணன் குரல் அனுப்புவார். என்ன சமையல் என்பார். ஃபைலைப் பற்றி அவர் கேட்பதில்லை, அவர் மனைவி ஒரு முறை கேட்டார். "தம்பி, அந்தப் படம் கெடச்சா மறுபடி கூப்புடுவாகளா?" தெரியாது அக்கா என்றேன். அது உண்மை.

பிறகு தேடத் தொடங்கினேன். அந்த ஆல்பத்தை விற்றது ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில், பழைய வீடுகளைக் காலி செய்து பொருட்களை விற்கும் கடை. அவர்கள் மொழிக்கு மாற்றி ஒரு செய்தி அனுப்பினேன். பதில் வந்தது: பொருள் விற்றாகிவிட்டது, வாங்கியவர் விவரம் தர இயலாது. நான் மறுபடி நீளமாக எழுதினேன், விமானம், மண், வாலை வெட்டியது, அண்ணன், வீடு என்று. இரண்டு முறை படித்துப் பார்த்தபோது எனக்கே அது ஏமாற்றுக்காரன் எழுதியது போலத்தான் இருந்தது. அனுப்பிவிட்டேன். பதில் இல்லை.

எழுதியது தப்பு என்று எலக்ட்ரீஷியன் சொல்கிறார். "கதை எழுதினா எவன்யா படிப்பான்? போனப் போடு. ஒரே ஒரு விஷயம் கேளு." கடையின் பக்கத்தில் போன் நம்பர் இருக்கிறது. நமக்கு மதிய இடைவேளை வரும்போது அங்கே கடை திறக்கிற நேரம். நாளைக்கு சைட்டு ஆபீசின் பின்பக்கம், ஏசி சத்தம் கேட்காத இடத்தில் நின்று கூப்பிடப் போகிறேன். எலக்ட்ரீஷியன் பக்கத்தில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார், எதற்கு என்று தெரியவில்லை.

ஆல்பத்தைக் கேட்கப் போவதில்லை. வாங்கியவரையும் கேட்கப் போவதில்லை. விற்பனைக்காக அவர்கள் ஸ்கேன் செய்தது அவர்களுடைய கம்ப்யூட்டரில் எங்காவது கிடக்கும். அந்த ஒரு படம், முன்பக்கமும் பின்பக்கமும். பின்பக்கம் ஸ்கேன் செய்யாமல் விட்டிருந்தால் முன்பக்கம் மட்டும். அதுவும் இல்லையென்றால், இந்த ஆல்பத்தை நாங்கள் விற்றோம் என்று ஒரு வரி, அவர்கள் முகவரியிலிருந்து. ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்து வைத்திருக்கிறேன். எதையும் வாங்கக் கூப்பிடவில்லை, எதையும் விற்கவும் கூப்பிடவில்லை என்று முதலில் சொல்லிவிட வேண்டும். அதற்குள் அவர்கள் போனை வைத்துவிட்டால், மறுபடி போட வேண்டும்.